பானட்டில் நாலு கண்

நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவளே பயந்தால் விளங்கிவிடும். அதனால் இதைக் கேட்டுவிட்டு யாராவது ‘ஐயோ பாவம்’ என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நடந்தது பெயிண்ட் சமாச்சாரம். முக்கால்வாசி அப்படித்தான்.

நாங்கள் இருப்பது பெருமாட்டிப் பக்கம். வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்பு. எனக்குப் பிறந்த ஊர் மேலே, கம்பம்மெட்டு. பாலக்காட்டுக்குப் படிக்க வந்த இடத்தில் பார்த்து, பிடித்துப்போய்ச் செய்துகொண்ட கல்யாணம். ஊரடங்கில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது பொழுது போகாமல் பிளாஸ்டிக் மாடல் கார் ஒட்ட ஆரம்பித்தேன். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கார். பொம்பளைக்கு இதென்ன வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் அப்புறம் வந்து பார்த்துவிட்டுத் தொடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். அண்ணன் மட்டும் போனில் பேசும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். யார் யார் காரையோ செய்கிறாயே, என் வண்டியை எப்போது செய்யப்போகிறாய் என்பான். உன் வண்டியெல்லாம் ஒரு வண்டியா என்பேன் நான்.

அண்ணன் ஜீப் ஓட்டினான். காலையில் கம்பத்துக்கு இறங்கி, ஏலத்தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவான். கருநீல வண்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் அம்மாவும் அவனும்தான். பெண்டாட்டியைக்கூட ஒருத்தன் அப்படிக் கவனிக்க மாட்டான், வண்டியை அப்படித் துடைப்பான். காலையில் இன்ஜின் சூடாகிக்கொண்டிருக்கும்போது அம்மா வெளியே வந்து, டிரைவர் பக்கம் நின்று, பானட்டின்மேல் நான்கு விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுவாரே, அந்த மாதிரி. அது விழாமல் அவன் கியர் போட மாட்டான். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதைவிட இது ஒழுங்காக நடந்தது.

ஒரு கார்த்திகை மாதம், பெண்களைக் கம்பத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது மலைப்பாதையில் மஞ்சு இறங்கிவிட்டது. மூடுபனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வளைவு தெரியாமல் வண்டி கீழே போய்விட்டது. மறுநாள் கிரேன் வைத்து மேலே தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கதவுத் தகரம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தது. அம்மாவை யாரும் பார்க்க விடவில்லை.

காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் அண்ணன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலையோடு கொண்டுவந்தார்கள். அம்மா ஆணி அடிக்க விடவில்லை.

“வண்டி வரட்டும்” என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. நான் அம்மாவைப் பெருமாட்டிக்குக் கூட்டிவந்தேன். படமும் கூடவே வந்து, வேட்டியில் சுற்றியபடி பீரோமேல் படுத்திருந்தது. அம்மா சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டால் பேசினாள். ஆனால் ரோட்டில் எங்கேயாவது ஜீப் சத்தம் கேட்டால் கழுத்து மட்டும் திரும்பும். சத்தம் தாண்டிப் போகும்வரை அப்படியே இருக்கும். இன்னொன்று, தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் சொந்தத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய், ஜன்னலுக்கு ஒரு பாட்டில் நிற்கும்.

“ஏம்புள்ள, அத்தை தலை வறண்டு தேங்கா நாராட்டம் கெடக்குது. இத்தனை எண்ணெய ஊட்டுல வெச்சுக்கிட்டு நல்லாவா இருக்குது?” என்று வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் பாட்டிலோடு போனேன். கையில் எண்ணெய் ஆகாது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துக்கத்தில் ஏதோ வைராக்கியம் என்று விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. தலைத்திதிக்கு முன்னால் படத்தை மாட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்று சொந்தங்கள் போனில் அரித்தார்கள். கேட்டால் அம்மாவிடம் அதே பதில். எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பானேன். செத்தவனுக்காக அழாமல், இருக்கிறவர்களை இப்படிச் சித்திரவதை செய்வதா? வண்டி வரட்டும் என்கிறாளா, சரி, வண்டியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறேன். அப்போதாவது இவள் ஒப்புக்கொள்வாளா பார்க்கலாம் என்று ஒட்டுவதற்கு ஒரு ஜீப் மாடல் கிட் ஆர்டர் போட்டேன். இல்லையென்றால் அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பின்னாலேயே போய்விடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பெயிண்டில்தான் இருக்கிறது வித்தை. பிரைமர், அதன்மேல் கலர், அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான், ஆனால் இதில் ஜாதகத்தைத் திருத்த முடியாது. பெயிண்டில் லாக்கர் என்கிற வகை காரமான ஆள், அதன் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். எனாமல் வகை சாது. லாக்கர்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் அடியில் இருப்பது பொங்கித் தோல் உரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரம். மாடலுக்கென்றே உள்ள நல்ல பிரைமர் தீர்ந்திருந்தது, ஸ்ப்ரே டப்பாவைக் கூரியர்க்காரர்கள் எடுக்க மாட்டேன் என்றார்கள், வெடிக்குமாம். உள்ளூர்க் கடையில் இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பிரைமரை வாங்கிவந்து ஒரே மூச்சில் கனமாக அடித்துவிட்டேன்.

காய்ந்ததும் போய்ப் பார்த்தேன். கதவு சுருங்கி, உள்பக்கமாக இழுத்து, மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு. கிரேனில் தொங்கியபோது நான் பார்த்த அதே கசங்கல், அதே மடிப்பு. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எப்போதும் பொம்மைக்கார் டீச்சர் என்று கிண்டல் செய்கிறவர், அன்று கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். வண்டியின் அந்த உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு கிட் வரவழைத்தேன்.

இந்தத் தடவை ஒழுங்காகப் பாலக்காட்டுக்கே பஸ் ஏறினேன். அங்கே கார் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாய் நம்ம தமிழ் ஆள்தான். வாய் ஓயாது. போனில் இருந்த அண்ணன் வண்டிப் படத்தைக் காட்டி இந்த நீலம் வேண்டும் என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“டீச்சரே, போன்ல பாத்துக் கலர் கேட்டா அது போனோட கலரு. வண்டியக் கொண்டாங்க.”

வண்டி இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருநீல டப்பாக்களை வரிசையாக எடுத்துவைத்தார். பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் இதற்கும் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள் என்றார். கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று ஏற்கனவே பார்த்தாகிவிட்டதே. பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் ஸ்பூன்களை வாழைத்தண்டில் குத்திவைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிரைமரும் கலரும் அடித்துப் பார்த்தேன். பம்பர் பிரைமர் ஸ்பூனைக் கொழகொழவென்று ஆக்கியது. சாம்பல் நிறத்தில் ஒன்று, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்காமல் உட்கார்ந்தது. அதன்மேல் பாயின் கருநீல லாக்கரும் சண்டை போடாமல் ஒட்டியது. ஜோடி கிடைத்துவிட்டது. பாய்க்குப் போன் செய்து சொன்னபோது, நான்தான் அப்போதே சொன்னேனே என்றார்.

அப்போது இடவப்பாதி, வைகாசி பாதியில் தொடங்குகிற பருவமழை. காத்திருக்கப் பொறுமை இல்லாமல், தூறல் விட்ட நேரம் பார்த்துக் கலரை அடித்தேன். ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெளுத்துப்போகும், தெரிந்த விஷயம்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பானட்டின்மேல் வெள்ளையாக ஒரு படலம் கிளம்பி, மெல்ல ஊர்ந்து கண்ணாடிச் சட்டம்வரை ஏறி, வண்டியின் முன்பக்கத்தையே மூடிவிட்டது. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா நின்றிருந்தாள். இத்தனை நாளும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவள்.

“மஞ்சு எறங்கிருச்சே” என்றாள். கொஞ்சம் கழித்து, “லைட்டப் போடச் சொல்லுத்தா.”

அது ஈரம், அம்மா, காற்றில் இருக்கிற ஈரம் என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. வெள்ளை வண்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டு உள்ளே போனாள். அதற்குப்பின் மழை ஓயும்வரை நான் டப்பாவைத் தொடவில்லை.

புரட்டாசியில் வெயில் வந்தது. வெளுத்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, சாயங்காலம் பிரைமர் அடித்து, தேங்காய்ப் பருப்பு காயவைக்கிற அறையில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவைத்தேன். மறுநாள் வெயில் ஏறியதும் கலர் அடித்தேன். வழவழவென்று படிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் பானட்டில் ஒரு புள்ளி. பெயிண்ட் அந்த இடத்திலிருந்து விலகி விலகி வட்டமாகத் திறந்தது, நடுவில் சாம்பல் பிரைமர் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நாலு கண் வரிசையாகத் திறந்து என்னைப் பார்த்தன.

பெயிண்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாமல் ஒதுங்கும். அந்த அறைக் காற்றே எண்ணெய்தான், புத்தி கெட்டுப்போய் அங்கே வைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி தேய்த்துக் கழுவி, பிரைமர் அடித்து, தோப்புக்குள் இருக்கும் மோட்டார் ரூமுக்கு மாற்றினேன். காலையில் மூடியை எடுத்தபோது பானட் லேசாக மினுங்கிய மாதிரி இருந்தது. பனி என்று துணியால் ஒற்றிவிட்டுக் கலர் அடித்தேன். நாலு கண். அதே இடம், அதே வரிசை.

வீட்டுக்காரர் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். நானும் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். வீட்டில் எண்ணெய் தொடாத பெண்கள் இரண்டு பேர் ஆனோம். திரும்பத் தேய்த்தேன், திரும்ப அடித்தேன். திரும்பவும் திறந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. டிரைவர் பக்கம், பானட்டின் ஓரம். என் நான்கு விரலை அந்தக் கண்களின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அந்தச் சின்ன வண்டிக்குப் பக்கத்தில் மலையளவு ஒருத்தி நின்று தட்டிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். மோட்டார் ரூமுக்குப் போனாயா, வண்டியைத் தொட்டாயா என்று. வெறுங்கையால் தொட்டிருந்தாலும் இவ்வளவு பெரிதாகத் திறக்காது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

“நா எங்கத்தா தொட்டேன்? அவந்தான் தொட வேணாம்னுட்டானே” என்றாள் அம்மா.

அவன் எப்போது சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை எனக்கா? அன்று முழுக்க வகுப்பில் போர்டில் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பிரைமர் அடித்து மூடிவிட்டு, விடியும்போது போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மயில் கத்துகிற நேரம் எழுந்தேன். அம்மாவின் கட்டில் காலி. தோப்புக்குள் இருட்டு இன்னும் முழுசாகக் கலையவில்லை. மோட்டார் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன். காலைத் தூக்கி அடுத்த அடி வைக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

கதவு இடுக்கு வழியாகத் தெரிந்தது. கவிழ்த்துவைத்த டப்பா ஓரமாக நகர்ந்திருந்தது. அம்மா ஜன்னல் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, தலைக்கு வைக்கப்போகிற மாதிரி இரண்டு கையிலும் பரக்கத் தேய்த்தாள். தலைக்கு வைக்கவில்லை. குனிந்து, சாம்பல் நிறப் பானட்டின்மேல் நான்கு விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“போய்ட்டு வாய்யா. எண்ணெக் கைதேன். என்ன இப்ப?”

நான் உள்ளே போனேன். அம்மா திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கையை முந்தானையில் துடைத்தாள். அந்த மோட்டார் ரூமில், ஈரச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துதான் சொன்னாள். கடைசி நாள் காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாளாம். இன்ஜின் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்து கையை ஓங்கியிருக்கிறாள். அண்ணன் உள்ளேயிருந்து, எண்ணெய்க் கையை வைக்காதே அம்மா, தூசி அப்பிக்கும், நேற்றுத்தான் பாலிஷ் போட்டேன் என்றிருக்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாளாம். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று திரும்புவதற்குள் நேரமாகிவிட்டது என்று அவன் கியர் போட்டுவிட்டான்.

“தட்டாம போனவென் எப்பிடித்தா வந்து சேருவான்? நாந்தேன் அனுப்பவே இல்லையே.”

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாலிஷாம், பெரிய பாலிஷ்! இரண்டு வாரத்தில் சேறு அடித்துப்போகிற பாலிஷுக்காக இவளை இந்தப் பாடு படுத்திவிட்டுப் போய்விட்டாயே, படுபாவி. அதைச் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவனுக்காக நான் அழுததும் அன்றுதான் முதல் தடவை. இத்தனை மாதம் அம்மா அழவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அழுது முடித்துவிட்டு, வெயில் ஏறட்டும், பிறகு அம்மாவே வந்து தட்டட்டும் என்றேன். ஒளிந்து ஒளிந்து வேண்டாம், நான் கலர் அடிப்பதற்கு முன்னால் என் கண்ணெதிரே தட்டு, எண்ணெய்க் கையாலேயே தட்டு. வீட்டுக்காரர் காபியோடு வந்து கதையைக் கேட்டுவிட்டு, பெயிண்ட் கெட்டுப்போகுமே என்று மட்டும் சொன்னார். கெடட்டும் என்றேன். நாலு கண்ணோடு ஒரு வண்டி இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? அதையே வைத்துக்கொள்வோம்.

அம்மா நிறைய எண்ணெய் எடுத்துக்கொண்டாள். பிரைமர்மேல் நான்கு விரலும் பளபளவென்று பதிந்ததை மூன்று பேரும் பார்த்தோம். மிச்ச எண்ணெயை, வாழைத்தண்டில் குத்தியிருந்த ஸ்பூன்மேல் தடவித் துடைத்தாள். நான் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கி வண்டிமேல் அடித்தேன், அப்படியே ஸ்பூன்மேலும் அடித்தேன். அது என் வழக்கம், எப்போதும் ஒரு ஸ்பூன் சாட்சிக்கு இருக்கும்.

ஸ்பூனில் கண் திறந்தது. வட்டமாக, பெரிதாக, அடுத்தடுத்துத் திறந்தன. நான் பானட்டைப் பார்த்தேன். நீலம் ஈரமாக, தட்டையாகப் படுத்திருந்தது. காத்திருந்தோம். வெயில் எங்கள் தோள்மேல் ஏறியது, வீட்டுக்காரரின் காபி ஆறிப் போனது. ஒரு புள்ளிகூட வரவில்லை. அதே எண்ணெய், அதே பிரைமர், அதே டப்பா. ஏன் என்று எனக்குத் தெரியாது. பாயிடம் கேட்டேன், நல்ல சரக்கு டீச்சர் என்றார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை, வேறு பதிலும் என்னிடம் இல்லை.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பானட்டில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அது கலங்குவதை நான் பார்த்தேன், பிறகுதான் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

“கெளம்பிட்டான்” என்றாள்.

வீட்டுக்காரர் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள், இறக்கி மாட்டிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் ஆணி தேடப் போனார். அம்மா எழுந்து வந்து எனக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள்.

“தலை காஞ்சு கெடக்குத்தா. கொஞ்சம் எண்ணெ வச்சு விடு.”